ஆய்வறிக்கை வந்துவிட்டது: எதைக் கேட்பது, எதை விடுவது?

வாங்கப்போகும் வீட்டை ஆள் வைத்துச் சோதித்த பிறகு, விற்பவரிடம் எந்தெந்தப் பழுதைச் சரிசெய்து தரச் சொல்வது என்று கேட்டுப் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: முன்பணம் கொடுத்தாகிவிட்டது. அறிக்கையில் 64 குறைகள் எழுதியிருக்கிறார்கள். குழாய்த் திருகு ஆடுகிறது என்பதிலிருந்து கூரைத் தளத்தில் கம்பி தெரிகிறது என்பது வரை எல்லாம் ஒரே வரிசையில் இருக்கின்றன. மொத்தத்தையும் அனுப்பிவிடலாமா?

வேண்டாம். கண்ணில் பட்டதையெல்லாம் எழுதுவது ஆய்வாளர் வேலை, அதிலிருந்து பொறுக்குவது உங்கள் வேலை. 64ஐயும் அப்படியே அனுப்பினால், விற்பவர் சுலபமானதாகப் பார்த்து 50ஐ முடித்துவிட்டு, 'முக்கால்வாசிக்கு மேல் செய்து கொடுத்துவிட்டேனே' என்பார். தளத்துக் கம்பி அந்த 50ல் இருக்காது.

முதலில் 'மேலும் ஆய்வு தேவை', 'பார்க்க இயலவில்லை' என்று வரும் வரிகளைக் கோடிட்டுக்கொள்ளுங்கள். ஆய்வாளர் சுவரை உடைத்துப் பார்ப்பதில்லை, பீரோவை நகர்த்துவதில்லை, பூட்டிய அறையைத் திறப்பதில்லை. அந்த வரிகள் இன்னும் விடை வராத கேள்விகள். கட்டுமானப் பொறியாளரையோ எலக்ட்ரீஷியனையோ கூட்டிவந்து அவற்றுக்கு விடை தெரிந்துகொண்ட பிறகே பட்டியல் போட வேண்டும். ஒப்பந்தத்தில் ஆய்வுக்கு என்று கெடு இருந்தால், அது முடிவதற்குள் இதைச் செய்தாக வேண்டும். கெடு போதாது என்று தோன்றினால், அது முடியும் முன்பே எழுத்தில் நீட்டிப்புக் கேளுங்கள். முடிந்தபின் கேட்டால் தயவை எதிர்பார்த்து நிற்க வேண்டியதுதான்.

அடுத்து ஒவ்வொரு குறைக்கும் மூன்று கேள்வி. உயிருக்கு ஆபத்தா? அப்படியே விட்டால் தானாக வளருமா? விலை பேசும்போது இது எனக்குத் தெரியுமா? முதல் இரண்டில் ஒன்றுக்காவது 'ஆம்', மூன்றாவதற்கு 'இல்லை' என்றால் அது பட்டியலில் வர வேண்டியது. எர்த் இல்லாத ஒயரிங், காஸ் ஹீட்டரின் பழுதான புகைக்குழாய், ஆடும் பால்கனிக் கைப்பிடி ஆகியவை உயிர் சம்பந்தப்பட்டவை. நீர்க்கசிவு, துருப்பிடித்த கம்பி, கரையான், அஸ்திவார இறக்கம் ஆகியவை நாளுக்கு நாள் வளர்பவை. மங்கிய பெயிண்ட், கீறல் விழுந்த டைல்ஸ், பழைய மாடல் அலமாரி எல்லாம் நீங்கள் பார்த்துத்தான் விலை சொன்னீர்கள். அதைத் திரும்பக் கேட்பது முறையல்ல, எடுபடவும் எடுபடாது.

ஆபத்தானது என்றால் மட்டும், முன்பே தெரிந்திருந்தாலும் கேட்கலாம். இப்படிச் சலித்தால் 64 என்பது வழக்கமாக ஐந்தாறாகச் சுருங்கும். மற்றவற்றைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், குடியேறிய முதல் வருடத்துக்கான உங்கள் வேலைப் பட்டியல் அது.

கேள்வி: 'சுவரில் விரிசல்கள் உள்ளன, கண்காணிக்கவும்' என்று அறிக்கை சொல்கிறது. கண்காணிக்க எங்களுக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது. எந்த விரிசலுக்குப் பயப்பட வேண்டும்?

விரிசலின் அகலத்தைவிட அது எங்கே, எந்தத் திசையில் ஓடுகிறது என்பதுதான் அதிகம் சொல்லும்.

பில்லரும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்க்கோடாக மயிரிழை விரிசல் இருந்தால், இரண்டும் வெயிலில் வெவ்வேறு அளவில் விரிவதால் வருவது. பூச்சை வெட்டி எடுத்து, சேருமிடத்தின் இருபுறமும் பரவும்படி வலை அடித்துத் திரும்பப் பூசினால் அடங்கும். மேல்தளத்துக்குச் சற்றுக் கீழே சுவரில் படுக்கைவாட்டில் ஓடும் கோடு, பெரும்பாலும் தளம் வெயிலில் விரிந்து சுவரைத் தள்ளுவதால் ஏற்படுவது. மழைநீர் அதற்குள் இறங்காமல் அடைக்க வேண்டும், ஆனால் கட்டடத்துக்கு ஆபத்தில்லை. பூச்சில் சிலந்தி வலை போலப் பரவியிருப்பவை பூச்சு வேகமாகக் காய்ந்ததன் அடையாளம். இவை எதையும் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

சாய்வாக ஓடுபவை வேறு வகை. ஜன்னல் மூலையிலிருந்து கோணலாகக் கிளம்பி, செங்கல் இணைப்புகளில் படிக்கட்டு போல இறங்கும் விரிசல், அஸ்திவாரத்தின் ஒரு பகுதி மட்டும் இறங்குவதைக் காட்டுகிறது. மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் இருந்தால் கட்டடத்தின் ஓரம் இறங்கியிருக்கலாம். கீழே அகலமாக இருந்தால் நடுப்பகுதி தாழ்ந்திருக்கலாம். பக்கத்தில் கதவு நிலையில் உரசுகிறதா, தரையில் கோலிக்குண்டை வைத்தால் ஒரே பக்கம் ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஒரே அறையில் இவை எல்லாம் சேர்ந்து தென்பட்டால், அது தற்செயல் அல்ல.

பீமில் நடுப்பகுதியின் அடிப்புறம் தெரியும் மெல்லிய நேர்க்கோடுகள் பெரும்பாலும் சாதாரணம். 0.3 மில்லிமீட்டர் வரையிலான விரிசலை வடிவமைப்பு விதிகளே பொதுவாக அனுமதிக்கின்றன. ஆனால் பில்லருக்கு அருகில் பீமில் சாய்வாக ஓடும் விரிசல் எவ்வளவு மெல்லியதானாலும், அன்றே பொறியாளரை அழைக்க வேண்டியது.

அகலத்துக்கும் ஓர் அளவுகோல் இருக்கிறது. பிரிட்டனில் பொறியாளர்கள் வெகுகாலமாகக் கையாளும் வகைப்பாட்டில், செங்கல் சுவரில் 1 மில்லிமீட்டர் வரை உள்ளது பூச்சோடு முடிவது, 5 மில்லிமீட்டர் வரை உள்ளதை அடைத்துவிடலாம், 5 முதல் 15 வரை என்றால் சுவரைத் திறந்து வேலை செய்ய வேண்டும், 15க்கு மேல் போனால் சுவரின் பகுதியை மாற்றிக் கட்டும் நிலை. 

இரண்டு வாரத்தில் விரிசல் வளர்கிறதா என்று அளந்து தெரியாது. களிமண் நிலம் என்றால் மழையில் உப்பி வெயிலில் சுருங்கும், ஒரு வருடச் சுழற்சியையாவது பார்க்க வேண்டும். ஆனால் வயதை ஓரளவு ஊகிக்கலாம். டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து உள்ளே பாருங்கள். உட்புறம் தூசியும் பழைய பெயிண்டும் படிந்திருந்தால் பழைய விரிசல். விளிம்பு கூராக, உள்ளே பளிச்சென்று இருந்தால் புதிது. அடைத்துப் பட்டி பார்த்த தடத்தின் மேலேயே மறுபடி பிளந்திருந்தால், அது நிற்கவில்லை என்று பொருள். அப்போது 'விரிசலை அடைத்துத் தரவும்' என்று கேட்பது வீண். 'கட்டுமானப் பொறியாளரின் அறிக்கையும் அவர் சொல்லும் அஸ்திவார வேலையும்' என்று கேளுங்கள். விற்பவர் தவிர்க்கப் பார்த்தால், பொறியாளரை நீங்களே வைத்து, அறிக்கை வந்தபின் பேச்சைத் தொடருங்கள்.

கேள்வி: படுக்கையறைத் தளத்தில் ஓரிடத்தில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. 'பூசி, பெயிண்ட் அடித்துத் தருகிறேன்' என்கிறார் வீட்டுக்காரர். சரி என்று சொல்லலாமா?

பூசினால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காமல் போகலாம். கம்பி துருப்பிடிக்கும்போது அந்தத் துரு, இரும்பு இருந்த இடத்தைப்போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த நெருக்கம்தான் கான்கிரீட்டைக் கீழே தள்ளுகிறது. துருவை உள்ளே வைத்துப் பூசினால், புதுப் பூச்சையும் அது அதேபோலத் தள்ளும்.

வேலை சரியாக நடக்க வேண்டுமானால் வரிசை இதுதான். தளத்துக்கு முதலில் முட்டுக் கொடுக்க வேண்டும். பெயர்ந்த இடத்தைச் சுற்றித் தட்டிப் பார்த்து, பொள்ளல் சத்தம் வரும் இடம் முழுவதையும் கொத்தி எடுக்க வேண்டும். கம்பியின் பின்பக்கமும் ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கும்வரை கொத்த வேண்டும், நீளவாக்கில் துருவில்லாத கம்பி தென்படும்வரை போக வேண்டும். பலரும் ஏமாற்றுவது இங்கேதான்: கம்பியின் முன்பக்கத்தை மட்டும் தேய்த்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். பிறகு கம்பிப் பிரஷ் அல்லது மணல் வீச்சால் துருவை முழுக்க நீக்கி, துருத்தடுப்புப் பூச்சு, பழைய கான்கிரீட்டின் மேல் ஒட்டுப் பூச்சு, அதன்மேல் பாலிமர் கலந்த கலவை என்று போக வேண்டும். வெறும் சிமென்ட் மணல் கலவை போதாது.

தேய்த்தபின் கம்பியின் கனத்தை வெர்னியரால் அளக்கச் சொல்லுங்கள். 10 மில்லிமீட்டர் கம்பி 9 ஆகியிருந்தால் ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் குறுக்குப் பரப்பில் 19 சதவீதம் போய்விட்டது. கூடுதல் கம்பி கட்ட வேண்டுமா என்பதைப் பொறியாளர்தான் முடிவு செய்ய வேண்டும், கொத்தனார் அல்ல.

இன்னொன்று, பெயர்ந்த இடம் ஒன்றுதானா என்பது. நல்ல கான்கிரீட் காரத்தன்மை மிகுந்தது, அந்தக் காரம்தான் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு வருடக்கணக்கில் உள்ளே இறங்கி அதைக் குறைத்துவிடும். புதிதாக உடைத்த முகத்தில் பீனால்ப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரம் உள்ள பகுதி இளஞ்சிவப்பாக மாறும், போன பகுதி நிறம் மாறாது. நிறம் மாறாத ஆழம் கம்பியைத் தாண்டியிருந்தால், இன்று ஓரிடம், நாளை அடுத்த இடம் என்று தளம் முழுவதும் வரக்கூடும். சில நிமிடச் சோதனைதான். ஆனால் கேட்க வேண்டியது ஒட்டு வேலையா, பெரிய விலைக் குறைப்பா, அல்லது வீடே வேண்டாமா என்பதை இதுதான் தீர்மானிக்கும். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதையும் மறந்துவிடாதீர்கள். மேலே குளியலறையோ மொட்டை மாடியோ இருந்தால் அந்தக் கசிவையும் அதே கோரிக்கையில் எழுத வேண்டும்.

கேள்வி: ஸ்விட்ச் போர்டுகளில் எர்த் இல்லை, லீக்கேஜ் டிரிப்பர் (மின்சாரம் கசிந்தால் தானாக விழும் ஸ்விட்ச்) இல்லை, பவர் பிளக்குக்கு 32 ஆம்பியர் எம்.சி.பி. (மின்சாரம் அளவு மீறினால் தானாக விழும் ஸ்விட்ச்) என்று அறிக்கையில் இருக்கிறது. 'இருபது வருஷமா ஒரு பிரச்சினையும் இல்லை' என்கிறார் விற்பவர்.

இருபது வருடமாக யாருக்கும் ஷாக் அடிக்கவில்லை என்பது ஒயரிங் நன்றாக இருப்பதற்குச் சான்று ஆகாது. மூன்றையும் கேளுங்கள், தயங்க வேண்டாம்.

முதலில் எம்.சி.பி. விஷயம். பிளக்குக்குப் போகும் ஒயர் 2.5 சதுர மில்லிமீட்டர் என்றால் 16 அல்லது 20 ஆம்பியர்தான் பொருத்தம். அடிக்கடி டிரிப் ஆகிறது என்று யாரோ பெரியதாக மாற்றியிருப்பார்கள். எம்.சி.பி. தன் அளவைத் தாண்டிய நொடியில் விழுந்துவிடாது. அளவைப்போல 1.45 மடங்கு ஓடும்போதுகூட ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தால் போதும் என்பதே தர விதி. 32 ஆம்பியர் எம்.சி.பி. வழியாக 46 ஆம்பியர் அத்தனை நேரம் ஓடலாம் என்று அர்த்தம். அதற்குள் சுவருக்குள் ஒயரின் உறை உருகிவிடும். சரியான எம்.சி.பி.யைப் போடுவது சில நிமிட வேலை. ஆனால் பிறகு அது விழுந்துகொண்டே இருந்தால், அந்த லைனில் பாரம் அதிகம், தனி லைன் இழுக்க வேண்டும். ஆகவே 'எம்.சி.பி. மாற்றவும்' என்பதோடு 'ஏ.சி.க்கும் கீசருக்கும் தனித்தனி லைன்' என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

லீக்கேஜ் டிரிப்பரில், அதாவது ஆர்.சி.சி.பி.யில், 30 மில்லி ஆம்பியர் என்று இருக்க வேண்டும். 100, 300 என்று இருப்பவை தீவிபத்தைத் தடுக்க உதவும், மனித உயிரைக் காக்கப் போதாது.

எர்த் விஷயத்தில் ஒரு குறுக்குவழி உண்டு, கவனம். பிளக்கின் உள்ளே எர்த் முனையையும் நியூட்ரல் முனையையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துவிடுவார்கள். மூன்று விளக்குள்ள பிளக் டெஸ்டர் 'எல்லாம் சரி' என்றுதான் காட்டும். எங்காவது நியூட்ரல் அறுந்தால், ஃபிரிட்ஜின் உடம்பு முழுவதும் மின்சாரம் ஏறும். அதனால் எர்த் போட்டாயிற்று என்று சொன்னால், நாலைந்து பிளக்கையாவது கழற்றிப் பார்க்க வேண்டும். ஆர்.சி.சி.பி.யிலுள்ள சோதனைப் பட்டனை அழுத்தி, விழுகிறது, எர்த் இருக்கிறது என்று சொல்பவரையும் நம்ப வேண்டாம். எர்த்தே இல்லாவிட்டாலும் அந்தப் பட்டன் வேலை செய்யும். வேலை முடிந்ததும் 500 வோல்ட் மெகர் என்ற கருவியை வைத்து, ஒயரின் உறை நன்றாக இருக்கிறதா என்று காட்டும் இன்சுலேஷன் சோதனை செய்து, ஒவ்வொரு லைனுக்கும் வந்த அளவை எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரு மெகாஓமுக்குக் கீழே போகும் லைன் தேறாது.

கேள்வி: ஓதம் இருந்த சுவரை, நாங்கள் இரண்டாம் முறை போவதற்குள் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். இப்போது பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. என்ன கேட்பது?

முதலில் தண்ணீரின் ஊற்றைக் கண்டுபிடியுங்கள். பெயிண்டைப் பற்றிப் பேச்சே வேண்டாம், அது புண்ணின் மேல் பவுடர் பூசிய கதை.

தரையிலிருந்து ஏறும் ஓதம் பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்துக்குள் நின்றுவிடும். அதன் மேல் விளிம்பில் உப்புப் பூத்த கோடு இருக்கும். அதற்கும் மேலே, ஓரிடத்தில் மட்டும் திட்டாக இருந்தால் குழாயோ மாடியோ காரணமாக இருக்கலாம். அறைக் காற்றின் ஈரம்தான் சுவரில் படிகிறதா என்ற சந்தேகம் இருந்தால், ஓர் அடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் உள்பக்கம் நனைந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது, வெளிப்பக்கம் நனைந்தால் காற்றிலிருந்து.

சுவரின் மறுபுறம் குளியலறை இருந்தால் தண்ணீர் தேக்கிப் பார்க்க வேண்டும். வடிகால் வாயை அடைத்து, 25 முதல் 50 மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் நிறுத்தி, மட்டத்தைச் சுவரில் குறித்து, 24 முதல் 48 மணி நேரம் விடுவார்கள். பக்கத்தில் ஓர் அகலமான பேசினிலும் தண்ணீர் வைத்துக் குறியிடுங்கள். இரண்டிலும் ஒரே அளவு இறங்கினால் அது ஆவியானது. தரையில் மட்டும் அதிகம் இறங்கினால் கசிவு, அல்லது அடைப்பு சரியில்லை. குழாயைச் சந்தேகித்தால் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, வாட்டர் மீட்டர் நகர்கிறதா என்று பாருங்கள். மீட்டர் இல்லையா, மேல்தொட்டிக்கு வரும் வால்வை அடைத்து, இரவு மட்டத்தைக் குறித்துவிட்டுக் காலையில் பார்த்தால் போதும்.

சோதனைக்கு அனுமதி மறுத்தால், கசிவு இருப்பதாகவே வைத்துக்கொண்டு அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். கசிவு உறுதியானால் டைல்ஸை எடுத்து, நீர்த்தடுப்புப் பூச்சை சுவரில் ஏற்றிப் போட்டு, திரும்ப டைல்ஸ் பதிக்கும் வேலை அது. டைல்ஸ் இணைப்பில் வெள்ளை சிமென்ட் தேய்ப்பதோடு முடியாது.

கேள்வி: அவரே சரிசெய்து தரட்டும் என்பது நல்லதா, விலையில் கழித்துக்கொள்வது நல்லதா?

பெரும்பாலான வேலைக்குக் கழித்துக்கொள்வதே நல்லது என்பது எங்கள் கருத்து. வீட்டை விட்டுப் போகப்போகிறவருக்கு வேலை முடிந்தால் போதும், பத்து வருடம் தாங்க வேண்டும் என்ற கவலை உங்களுக்குத்தான். நீர்த்தடுப்பு, தரை, மாடித் தளம், குளியலறை போன்றவற்றில் எந்தப் பொருள், எத்தனை பூச்சு, எத்தனை நாள் நீர்விட்டுப் பதப்படுத்துவது என்பதில்தான் தரம் இருக்கிறது. அதை உங்கள் ஆளை வைத்துச் செய்துகொள்ளுங்கள்.

விற்பவரே செய்தாக வேண்டியவையும் உண்டு. கடன் தரும் வங்கியோ காப்பீட்டு நிறுவனமோ 'இதைச் சரிசெய்யாமல் பணம் இல்லை' என்று சொல்லும் வேலைகள் முன்னதாகவே முடிந்தாக வேண்டும். அனுமதியில்லாமல் சேர்த்துக் கட்டிய அறையை முறைப்படுத்துவது, பக்கத்து வீட்டுக்காரரோடு பொதுவான சுவர் அல்லது கழிவுநீர்க் குழாய் சம்பந்தப்பட்டது ஆகியவற்றையும் அவர் தலையிலேயே விடுங்கள். பெயர் மாறிய பிறகு அந்தச் சண்டை உங்களுடையதாகிவிடும்.

எவ்வளவு கழிப்பது என்பதற்கு அறிக்கையிலுள்ள உத்தேசத் தொகையை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அந்தந்தத் தொழில் செய்பவரிடம் இரண்டு அல்லது மூன்று எழுத்து மதிப்பீடு வாங்குங்கள். மிகக் குறைந்ததை வாங்கி வைத்துக்கொண்டு மிக அதிகமானதைக் காட்டினால் நம்பிக்கை போய்விடும், நடுவில் உள்ளதைக் காட்டுங்கள். சுவரையோ தளத்தையோ திறந்து செய்யும் வேலை என்றால், திறந்தபின் தெரியவரும் கூடுதல் வேலைக்காக 15 முதல் 20 சதவீதம் சேர்த்துக் கேட்பது நியாயம்தான்.

ஆயுள் முடியும் தருவாயில் இருப்பவற்றுக்கு முழுப் புது விலையைக் கேட்காதீர்கள். 12 வருடக் கீசர் இன்னும் ஓடுகிறது என்றால் அதன் வயது நீங்கள் விலை பேசியபோதே தெரிந்ததுதான். ஆனால் அதன் பாதுகாப்பு வால்வைப் பாருங்கள். அது சொட்டுகிறது என்று யாரோ அதன் வாயை அடைத்து வைத்திருப்பார்கள். தெர்மோஸ்டாட் கெட்டு நீர் கொதிக்கும்போது அழுத்தம் வெளியேற முக்கியமான வழி அதுதான், அடைத்தால் தொட்டி வெடிக்கலாம். வால்வு மலிவு, கேட்டாக வேண்டியது.

கையெழுத்துக்கு முன் வேலை முடியாது, ஆனால் அவர்தான் செய்ய வேண்டும் என்ற இக்கட்டில், தொகையின் ஒரு பகுதியை நம்பகமான மூன்றாவது ஆளிடம் நிறுத்தி வைத்து, வேலை முடிந்ததும் விடுவிக்கும்படி எழுதிக்கொள்ளலாம். நிறுத்தும் தொகை வேலையின் மதிப்பைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். சமமாக இருந்தால் வேலையைச் செய்வதும் பணத்தை விட்டுவிடுவதும் அவருக்கு ஒன்றுதான்.

கேள்வி: கோரிக்கையை எப்படி எழுதுவது? ஒரு மாதிரி தர முடியுமா?

'மாடியில் ஒழுகுவதைச் சரிசெய்யவும்' என்று எழுதினால் ஒரு டப்பா தார் ஊற்றுவதும் சரிசெய்ததாகவே ஆகும். இடம், காரணம், செய்முறை, செய்பவர், சான்று, தேதி ஆறும் வர வேண்டும். உதாரணமாக:

'அறிக்கையின் 14ஆம் பக்கம், 3ஆம் குறை. வடமேற்குப் படுக்கையறைத் தளத்தில் நீர்க்கசிவு. மேலேயுள்ள மாடியில், மழைநீர்க் குழாய் வாயைச் சுற்றி ஒரு மீட்டர் ஆரத்துக்குப் பழைய மேற்பூச்சை நீக்கி, குழாய் வாய்க்குப் புது உறை பொருத்தி, நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கோட் போட்டு, வாய் நோக்கிச் சரிவு கொடுத்துப் பூச வேண்டும். நீர்த்தடுப்பு வேலையில் அனுபவமுள்ள ஒப்பந்ததாரர் செய்ய வேண்டும். வேலை நடக்கும்போது எடுத்த படங்கள், ரசீது, எங்கள் பெயருக்கு மாற்றத்தக்க உத்தரவாதம் ஆகியவை தரப்பட வேண்டும். முடிந்தபின் 24 மணி நேரம் நீர் தேக்கிச் சோதனை. உள் தளப் பூச்சு அதன் பிறகு. அனைத்தும் குறித்த தேதிக்குள்.'

உள்பூச்சு சோதனைக்குப் பிறகு என்ற வரி சின்னதுதான். அது இல்லாவிட்டால், முதலில் உள்ளே வெள்ளையடித்துக் கசிவின் தடத்தை மறைத்துவிடுவார்கள், சோதனையில் ஒன்றும் தெரியாது.

கேள்வி: 'உள்ளது உள்ளபடி' விற்பனை என்று சொல்லிவிட்டார்கள். கேட்கவே கூடாதா?

பழுது பார்த்துத் தர மாட்டேன் என்பதுதான் அதன் பொருள். விலை பேச மாட்டேன் என்பது அல்ல. விலை சொன்னபோது யாருக்கும் தெரியாத பெரிய குறை ஒன்று அறிக்கையில் வந்திருந்தால், அந்த ஒன்றை மட்டும் எடுத்து, மதிப்பீட்டோடு வையுங்கள். எழுத்தில் வைத்த குறையை அடுத்து வருபவரிடம் தெரியாது என்று சொல்வது அவருக்கும் சுலபமல்ல, பல இடங்களில் தெரிந்த குறையைச் சொல்லியாக வேண்டும் என்று சட்டமும் இருக்கிறது. அதற்கும் மசியவில்லை என்றால், ஒப்பந்தப்படி முன்பணம் திரும்பும் வழி இருக்கிறதா என்று ஆய்வுக் கெடு முடியும் முன்பே வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கதவு நிலையில் கரையான் புற்று. 'மருந்து அடித்தாயிற்று' என்கிறார்கள்.

கரையான் போட்டிருக்கும் மண்பாதையில் இரண்டு அங்குலம் மட்டும் உடைத்துவிட்டு வாருங்கள். சில நாளில் மூடப்பட்டிருந்தால் உள்ளே உயிரோடு இருக்கிறது. மூடவில்லை என்பதால் மட்டும் போய்விட்டது என்றும் ஆகாது, வேறு வழி போட்டிருக்கலாம். நிலையின் அடிப்பகுதியில் ஸ்க்ரூடிரைவரை அழுத்துங்கள், உள்ளே இறங்கினால் நிலையையும் மாற்றக் கேளுங்கள்.

மேலே தெளிப்பது சிகிச்சை அல்ல. சுவரும் தரையும் சேரும் இடத்தில், 12 மில்லிமீட்டர் துளைகளை 300 மில்லிமீட்டருக்கு ஒன்றாகச் சாய்வாகப் போட்டு, துளைக்கு ஒரு லிட்டர் வீதம் மருந்தைச் செலுத்தி அடைப்பது வழக்கமான முறை. அடைத்த துளைகளின் வரிசை கண்ணுக்குத் தெரியும். தெரியவில்லை என்றால் கேளுங்கள். உத்தரவாதம் உங்கள் பெயருக்கு மாறுமா என்பதையும் சேர்த்து.

கேள்வி: நாங்கள் வாங்குவது கட்டுநரிடமிருந்து புது வீடு. அதற்கும் சின்னக் குறைகளை விட்டுவிட வேண்டுமா?

இல்லை, இங்கே நேர்மாறு. புது வீட்டுக்கு நீங்கள் கொடுப்பது குறையில்லாத வீட்டின் விலை. டைல்ஸ் பொள்ளல், சரியாக மூடாத ஜன்னல், பெயிண்ட் திட்டு எல்லாவற்றையும் எழுதுங்கள், அறைவாரியாக, படத்தோடு. டைல்ஸை ஒரு நாணயத்தால் தட்டினால் பொள்ளல் சத்தம் தெரிந்துவிடும், அந்த டைல்ஸில் ஸ்டிக்கர் ஒட்டிப் படமெடுங்கள். குளியலறைத் தரையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, எந்த மூலையில் தேங்குகிறது என்று பாருங்கள். பெரிய குறைகளைத் தனிப் பட்டியலாக வையுங்கள். சாவி வாங்கும்முன் முடிய வேண்டியது அது, சின்னதுக்கு நாள் கொடுக்கலாம்.

கேள்வி: பழுது பார்த்து முடித்துவிட்டதாகச் செய்தி வந்திருக்கிறது. எதைப் பார்த்து ஒப்புக்கொள்வது?

முதலில் அறிக்கை எழுதிய அதே ஆய்வாளரைக் கூப்பிடுங்கள், அவருக்கு முன்பு எப்படி இருந்தது என்று தெரியும். செய்தவரின் ரசீதில் உங்கள் கோரிக்கையின் வாசகம் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். 'மின் வேலை, மொத்தம்' என்று ஒரே வரி இருந்தால் விவரம் எழுதித் தரச் சொல்லுங்கள். கம்பி வேலையென்றால் பூசும்முன் எடுத்த படம் வேண்டும், அதில் கம்பிக்குப் பின்னால் இடைவெளி தெரிய வேண்டும். ஒயரிங்குக்கு மெகர் எண்கள், கரையானுக்குத் துளை வரிசை, கசிவுக்கு நீர்த் தேக்கம்.

மறுஆய்வைக் கையெழுத்து நாளின் காலையில் வைக்காதீர்கள். நீர்த் தேக்கச் சோதனைக்கே இரண்டு நாள் பிடிக்கும். ஏதாவது தேறாவிட்டால் திருத்தவும் நேரம் வேண்டும். பத்திரப் பதிவுக்கு ஒரு வாரமாவது முன்பு வைத்துக்கொள்ளுங்கள். மின் இணைப்பும் தண்ணீரும் அன்று துண்டிக்கப்படாமல் இருக்க வேண்டும் என்பதையும் விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.